எல்லாரும் பாத்தாச்சா?

பூச்சி என்றாலே எனக்கு ஆகாது. பயம் என்று நினைக்க வேண்டாம், பகை. கொடைக்கானலில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்து மெஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் சமையல் பார்த்தவள் நான். ரவையில் ஒரு வண்டு, பருப்பில் ஒரு புழு, காலிபிளவருக்குள் ஏதோ ஒன்று. ஒரு பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு, "ஆன்ட்டி, இதுல கால் இருக்கு" என்று சொன்னால் போதும், அன்றைக்கு மேனேஜர் அறைவரை பஞ்சாயத்து நடக்கும். அதனால் பூச்சியைக் கண்டால் நான் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும், கட்டைவிரல் நகம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

அப்படிப்பட்டவளிடம் வந்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் மருமகள், "நாளைக்கு வெள்ளனே பார்க்குக்குப் போறேன். பூச்சி பிடிக்க" என்றாள்.

"எதுக்கும்மா?"

"பாக்க."

நல்ல சோலிதான் போ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். ஐந்து மாதத்தில் அவள் தானாக வாய் திறந்து வேண்டும் என்று சொன்ன முதல் விஷயம் அது. யானை பிடிக்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பேன். "நானும் வாரேன்" என்றேன். வாங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள்.

அந்த ஐந்து மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மாசி மாதம், அவளுக்கு எட்டாம் மாதத்தில், வயிற்றில் பிள்ளைக்கு அசைவு நின்றுபோனது. இங்கே பார்க்க முடியாது என்று கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். என் மகன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். அந்த மலைப்பாதையில் பாட்டுக் கேட்டுக்கொண்டே இறங்குவான். அன்றைக்கு வளைவுக்கு வளைவு வண்டியை ஓரங்கட்டிக் கண்ணைத் துடைத்தான். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ஆண் குழந்தை. உயிர் இல்லை. அவள் மயக்கத்தில் கிடந்தாள்.

நர்ஸம்மா பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "அம்மாவுக்கு முழிப்பு வந்ததும் காட்டலாமா? காட்டணும்னா வச்சிருப்போம். வீட்டுப் பெரியவங்கதான் சொல்லணும்" என்றார். என் மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "வேணாங்க. அவ தாங்க மாட்டா" என்றேன்.

அவள் இன்னும் அங்கே படுத்திருக்கும்போதே, நானும் மகனும் பிள்ளையை மலைக்குக் கொண்டுவந்தோம். சாமியார் வந்து ஜெபம் சொன்னார். எங்கள் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஒரு மூலையில் அடக்கம் செய்தோம். அவளை அங்கே இப்போது கூட்டிக்கொண்டு போகாதே என்று மகனுக்கும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். எல்லாம் அவளுக்காகத்தான் செய்தேன். அப்படித்தான் நினைத்தேன்.

அவள் வீட்டுக்கு வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அழவும் இல்லை. ஆனால் என்னை 'அத்தே' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தே, அத்தே என்று காலைச் சுற்றிக்கொண்டு நின்றவள். வத்தலக்குண்டுக்காரி, குளிர் தாங்காது. "அத்தே, இந்த ஊர்ல தண்ணி கடிக்குது அத்தே" என்பாள். இப்போது, "காபி ஆறுது", "கேஸ்காரர் வந்திருக்கார்", "மழை வருது, துணி கெடக்கு", இப்படித்தான் பேச்சு. யாரைப் பார்த்துச் சொல்கிறாள் என்பது சுவருக்குத்தான் தெரியும். சண்டை போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். சண்டைக்கு நான் எப்போதும் தயார். மரியாதையாக, ஒரு குறையும் சொல்ல முடியாதபடி, அவள் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவைத்துவிட்டாள். அது திரும்ப வர வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசை இல்லை.

அது வருவதற்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். மறைத்தேன். எண்ணெய்க் கம்பெனிக் காலண்டரில் கொழுகொழுவென்று ஒரு பிள்ளைப் படம் இருந்தது, கழற்றினேன். தைத்துவைத்திருந்த சின்னச் சட்டைகளை இரவோடு இரவாகத் தூரத்துச் சொந்தம் ஒருத்திக்குக் கொடுத்தனுப்பினேன். நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நேர்மேலே ஒரு பெண் பிள்ளை பெற்று வந்திருந்தாள். "கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கமாப் போத்தா" என்று அவளையே வேறு வழியில் நடக்கவைத்தேன். பூசையில் யாராவது கைப்பிள்ளையோடு முன்னால் உட்கார்ந்தால் எழுந்து பெஞ்சு மாறுவேன், அவளும் பேசாமல் பின்னால் வருவாள். எல்.கே.ஜி. டீச்சராக இருந்தவள் அவள். அந்த வேலைக்குத் திரும்பப் போகாததுகூட நல்லதுதான் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். இத்தனை வருடம் சோறு வடித்தவளுக்கு அது மறையாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

பூங்காவில் பூச்சி பார்க்கிற இந்தக் கூட்டத்தை நடத்துகிறவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். யாரோ ஒரு கல்லூரிப் பிள்ளை பூச்சியைப் பற்றி எழுதிய ஆராய்ச்சியை நகல் எடுக்கும்போது மிஷினில் தாள் சிக்கிக்கொண்டதாம். அது சரியாகும்வரை சும்மா நின்றவர் இரண்டு பக்கம் படித்தாராம். அதிலிருந்து இந்தக் கிறுக்கு. என் மருமகள் பிள்ளைகளுக்கான பாடத்தாள்களை அவர் கடையில்தான் நகல் எடுப்பாள். ஒருநாள் என் மகன் வண்டிப் பேப்பரோடு அங்கே போனபோது, "டீச்சர் கையெழுத்து பொடிசா, முத்து முத்தா இருக்கும். எங்களுக்கு லேபிள் எழுத ஆள் இல்லாமக் கெடக்கு. வரச் சொல்லுங்க தம்பி" என்று சொல்லியனுப்பினார். வேறு யாரும் அவளிடம் உதவி கேட்கவே இல்லை அந்த நாட்களில். எல்லோரும் ஆறுதல்தான் சொன்னார்கள்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிறு. டூரிஸ்ட் கூட்டம் வருமுன், காலை ஆறரைக்கெல்லாம் பூங்கா வாசலில் நிற்க வேண்டும். பூங்கா ஆபீசில் முறையாக எழுதிக்கொடுத்து அனுமதி வாங்கியிருந்தார் ஜெராக்ஸ் கடைக்காரர். பூப்பாத்திப் பக்கம் போகக்கூடாது. கிளை ஒடிக்கக்கூடாது. பின்னாலுள்ள வேலி, உரக்குழி, பழைய மண்தொட்டி அடுக்கிய மூலை, இவ்வளவுதான் எங்கள் எல்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்குக் காட்சிப்பெட்டி செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு வகைக்கு ஒன்றே ஒன்று எடுக்கலாம். மற்றதையெல்லாம் பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

பத்துப் பேர் இருப்போம். முதல் நாளே ஒரு நோட்டம் விட்டேன், சின்னப் பிள்ளைகள் யாரும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. செண்பகனூரிலிருந்து ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் ஒருவர் வருவார். எட்டு முழ வேட்டி ஒன்றைக் கொண்டுவருவார், உடுத்திக்கொள்ள இல்லை. அதைப் புதருக்குக் கீழே நான்கு பேர் விரித்துப் பிடிக்க, ஒருவர் குச்சியால் கிளையை லேசாகத் தட்டுவார். வெள்ளை வேட்டியில் பொலபொலவென்று என்னென்னவோ விழும், ஓடும், செத்ததுபோலக் கிடக்கும். எனக்கு உடம்பெல்லாம் ஊறும். போஸ்ட்மேனுக்குப் பரம சந்தோஷம். "ரெஜிஸ்டர் தபால் வந்திருக்கு, யாரு கையெழுத்துப் போடுறீக?" என்பார்.

பாட்டில் இரண்டு வகை. பிளாஸ்டிக் பாட்டில் மலையேறவே கூடாத ஊர் என்பதால் எல்லாம் ஜாம், ஊறுகாய்க் கண்ணாடிப் பாட்டில்கள்தான். ஒன்று பார்க்கிற பாட்டில், மூடியில் ஓட்டை இருக்கும். மற்றது தூங்குற பாட்டில், அடியில் பஞ்சு, அதில் நகப்பூச்சு அழிக்கிற திரவம், கழுத்தில் சிவப்பு டேப். தூங்குற என்பது மரியாதைக்குச் சொல்வது. பெட்டிக்குப் போகிற ஒன்று மட்டும் அதில் போகும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைப் பிடித்தாலும் பாட்டில் கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வர வேண்டும். பத்துப் பேரும் பார்க்க வேண்டும். கடைசியில் ஜெராக்ஸ் கடைக்காரர், "எல்லாரும் பாத்தாச்சா?" என்று கேட்பார். பூசையில் பதில் சொல்கிற மாதிரி எல்லோரும் சேர்ந்து, "பாத்தாச்சு" என்போம். அதற்கப்புறம்தான் மூடி திறக்கும். ஒருவர் பார்க்கவில்லை என்றாலும் காத்திருக்க வேண்டும். வங்கியில் வேலை பார்க்கிற ஒருவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த நாளில், அவர் வீட்டுக்குப் போய் எடுத்துவரும்வரை ஒரு வெட்டுக்கிளி எங்களோடு காத்திருந்தது.

எனக்கு வேலை பை சுமப்பது. பாட்டில்கள், பன், பிளாஸ்க்கில் இஞ்சி டீ. வாக்கிங் வந்த ஒரு டூரிஸ்ட் ஒருநாள் என்னிடம், "ஆன்ட்டி, இதை என்ன பண்ணுவீங்க, மருந்தா?" என்று கேட்டார். "ஆமாங்க, அதிகம் கேள்வி கேக்குறவங்களுக்குக் குடுக்குறது" என்றேன். படிக்கட்டில் உட்கார்ந்து லேபிள் எழுதிக்கொண்டிருந்த என் மருமகள் தலையைத் தூக்கவில்லை. ஆனால் தோள் குலுங்கியது.

அடுத்த மாதம் நிஜமாகவே சிரித்தாள். வேட்டியிலிருந்து ஒரு தத்துக்கிளி எம்பி, போஸ்ட்மேனின் குரங்குக் குல்லாய்க்குள் போய்விட்டது. அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் பிளாஸ்க்கைத் திறக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஜெராக்ஸ் கடைக்காரரை 'சார்' என்றாள், போஸ்ட்மேனை 'ஐயா' என்றாள், கூட்டத்தில் ஹோம்ஸ்டே நடத்துகிற ஒரு பெண்ணை 'அக்கா' என்றாள். எனக்கு மட்டும் இன்னும் பெயர் கிடைக்கவில்லை.

பூங்காவிலும் நான் என் மறைக்கிற வேலையை விடவில்லை. எந்த இலையைத் திருப்பினாலும் முட்டை இருக்குமோ என்று முதலில் நானே பார்ப்பேன். ஒருமுறை போஸ்ட்மேன் ஏதோ ஒரு வண்டின் குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு..." என்று ஆரம்பித்தார். நான் அவர் காலை மிதித்தேன். பாவம், எதற்கு மிதிபட்டோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மாதத்து ஞாயிறு அது. முந்தின இரவு முழுக்க மழை, காலையில் தூறல் மட்டும். எல்லோரும் வேலிப் பக்கம் இருந்தார்கள். நான் தொட்டி அடுக்கிய மூலையில் உடைந்த தொட்டியின் ஓட்டுத் துண்டு ஒன்றைத் தூக்கினேன். அடியில் ஈரமண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. குழிக்குள் கசகசாவைவிடச் சற்றுப் பெரிதாக, வெள்ளை வெளேரென்று ஒரு குவியல் முட்டை. அதன்மேல் பழுப்பாக, நீளமாக, வாலில் இடுக்கி வைத்த ஒரு பூச்சி. காலிபிளவரில் நான் எத்தனையோ முறை பார்த்த அதே பூச்சிதான். அது ஓடியிருந்தால் விட்டிருப்பேன். ஓடவில்லை. இடுக்கியைத் தூக்கிக்கொண்டு முட்டைக்கு மேலேயே நின்றது. எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவை இருக்கவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். அவள்தான், பேனா எடுக்கப் பையை நோக்கி வருகிறாள். ஐயோ, இதைப் போய் இவள் பார்க்கணுமா என்று இருந்தது. பைக்குள் கையை விட்டேன், கைக்கு அகப்பட்ட பாட்டிலை எடுத்தேன், விரலால் பூச்சியைத் தள்ளி உள்ளே போட்டேன், மூடினேன், ஓட்டைப் பழையபடி கவிழ்த்தேன். எல்லாம் ஒரே மூச்சில்.

"என்ன கெடச்சது?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா, சும்மா ஒரு கரப்பான். நீ போய் எழுது, போ."

மெஸ் குரலில் சொன்னேன். அந்தக் குரலுக்கு நானூறு பிள்ளைகள் அடங்குவார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அதற்குள் ஜெராக்ஸ் கடைக்காரர், "கரப்பானா இருந்தாலும் சுத்துக்கு விடணும்கா" என்று சொல்லிக்கொண்டே வந்துவிட்டார். நான் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அறுபது வயதுக் கிழவி, திருட்டு முறுக்கோடு பிடிபட்ட பிள்ளை மாதிரி நிற்கிறேன். அவள் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

வாங்கிப் பார்த்தாள். "இது தூங்குற பாட்டில்" என்றாள்.

அப்போதுதான் நான் சிவப்பு டேப்பைக் கவனித்தேன். அவசரக்காரிக்குப் புத்தி மட்டு.

அவள் மூடியைத் திறந்து பூச்சியை உள்ளங்கையில் கவிழ்த்தாள். கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்தது. "எவ்வளவு நேரங்க்கா?" என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர். "ஒரு நிமிஷம். ரெண்டு இருக்குமோ..." என்றேன். "எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். என் கண் போன திசையைப் பார்த்து, அவளே போய், இன்னொரு கையால் அந்த ஓட்டைத் தூக்கினாள்.

குழி கலைந்திருந்தது. முட்டைகள் நாலா பக்கமும் சிதறிக் கிடந்தன. ஒன்று நசுங்கிவிட்டிருந்தது. என் விரல் பட்டதுதான்.

"அடடா, தாய்ப் பூச்சிக்கா இது" என்றார் அவர். பிறகு மெதுவாகச் சொன்னார். இந்தப் பூச்சி முட்டையிட்டால் பக்கத்திலேயே கிடக்குமாம். ஒவ்வொரு முட்டையாக நக்கி நக்கிச் சுத்தம் செய்யுமாம். செய்யாவிட்டால் இந்த ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடுமாம். முட்டை சிதறினால் தேடிப்பிடித்து ஒன்று சேர்க்குமாம். சொல்லாதீங்க, இவ முன்னால சொல்லாதீங்க என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

அவள், "பொழைக்குமா சார்?" என்று கேட்டாள்.

"பொழைக்கலாம். காத்துபட வச்சுப் பாப்போம்."

தொட்டிகளுக்கு நடுவே ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கையை மடியில் வைத்து, விரித்து, அசைக்காமல் இருந்தாள். போஸ்ட்மேன் வந்து அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார். ஒருவரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது திட்டியிருக்கலாம். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பூச்சியை நசுக்கியிருப்பேன், கணக்கே கிடையாது. அன்றைக்கு ஒரு பூச்சிக்காக, மாதாவே, இதை எழுப்பிக் கொடு, இது ஒன்றை மட்டும் எழுப்பிக் கொடு என்று மன்றாடிக்கொண்டு நின்றேன். இவள் கையில் இன்னொன்று சாகக் கூடாது. அவ்வளவுதான் என் ஜெபம்.

அரை மணிக்கு மேல் ஆயிற்று. வாசலில் டிக்கெட் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள், பேச்சுச் சத்தம் கேட்டது. முதல் பூசைக்கு மணியும் அடித்து ஓய்ந்தது. மீசை ஒன்று ஆடியது. காற்றா என்று பார்த்தோம். காற்றில்லை. பிறகு ஒரு கால். பிறகு ஒரு பக்கத்துக் கால்கள் எல்லாம். "அசையுது" என்றாள், குரலே இல்லாமல்.

ஓர் இலையில் ஏற்றிக் குழிக்குப் பக்கத்தில் விட்டாள். அது முதலில் தள்ளாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனது. எனக்கு உயிரே இல்லை. போய், நின்று, மீசையை மண்ணில் தட்டித் தட்டித் திரும்பியது. ஒரு முட்டையை வாயில் கவ்வியது. குழிக்குக் கொண்டுவந்து வைத்தது. மறுபடி போனது. நாங்கள் பத்துப் பேரும் குனிந்துகொண்டு, மூச்சு விடாமல் பார்த்தோம்.

போகிற வழியில் அந்த நசுங்கிய முட்டை கிடந்தது. அதனருகிலும் நின்றது. மீசையால் தொட்டது, இப்படியும் அப்படியும் தொட்டது, வெகுநேரம். பிறகுதான் அதை விட்டு அடுத்ததற்குப் போனது.

"அதுகூடத் தொட்டுப் பாத்துட்டுத்தான் போகுது" என்றாள் அவள். சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் ஏன் காட்டல, அத்தே?"

எட்டு மாதமாக நான் எந்தச் சொல்லுக்குத் தவம் கிடந்தேனோ அது வந்துவிட்டது. இப்படி வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ணைக் காட்ட, மற்றவர்கள் உரக்குழிப் பக்கம் நகர்ந்தார்கள். போஸ்ட்மேன் குடையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"நீ தாங்க மாட்டேன்னுதான் தாயி..."

"நான் தாங்குவேனா மாட்டேனான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எட்டு மாசமாத் தாங்கிட்டுத்தான கெடக்கேன்? நீங்க ஒவ்வொண்ணா ஒளிச்சு வைக்கிறதையும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்? காலண்டரு, சட்டை, மேல வீட்டுப் பிள்ளை... அவனையும் அப்படித்தான ஒளிச்சு வச்சீங்க?"

"தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். அவளுக்கு முன்னால் அழக் கூடாது என்று எட்டு மாதம் வைத்திருந்த வைராக்கியமெல்லாம் அங்கேயே போயிற்று. குடையைக்கூட ஒழுங்காகப் பிடிக்க முடியவில்லை, இரண்டு பேரும் நனைந்தோம்.

அவளும் அழுதாள். அழுதுகொண்டேதான் கேட்டாள். "எப்படி இருந்தான்?"

சொன்னேன். தலை நிறைய முடி என்றேன். ஈரமாக, நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நெற்றி அவன் அப்பாவுடையது. இடது காது மேல்பக்கம் லேசாக மடங்கியிருந்தது, உனக்கு இருக்கிற மாதிரியே. அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். விரல்கள் நீளம். நகம் வளர்ந்திருந்தது, வெட்ட வேண்டிய அளவுக்கு. உதடு கொஞ்சம் கறுத்திருந்தது. அதையும் சொன்னேன், இனி எதையும் விடக் கூடாது என்று.

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு. தூங்குற மாதிரின்னு சொல்ல மாட்டேன். மூடியிருந்துச்சு."

"கனம் இருந்தானா?"

"இருந்தான். ரெண்டு கிலோவுக்கு மேலயே இருந்திருப்பான். எங் கையி மறக்கல."

என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். எந்த இடத்தில் தலை, எந்த இடத்தில் கால் என்று கேட்டாள். தலை இங்கே, முழங்கையில் என்று காட்டினேன். முடியைப் பற்றி மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன். "நெத்தியில முத்தம் குடுத்தேன், உம் பங்குக்கும் சேத்து" என்றேன்.

"எம் பங்கை நீங்க ஏன் குடுத்தீங்க?" என்றாள் கோபமாக. நிஜமான கோபம். எனக்குப் பதறிவிட்டது. அடுத்த நொடி, அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் அழ வேண்டிய அழுகை. பூங்காவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

என்னை மன்னித்துவிட்டதாக அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. பிறகும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பூங்காவை விட்டு வெளியே வந்தபோது ரோட்டில் வேனும் காருமாக நின்றன. இரண்டாம் பூசைக்கு நேரம் இருந்தது. "வெரசா நடந்தாக் கோயிலுக்குப் போயிரலாம்" என்றேன். "கோயிலுக்கு இல்ல. அவன் இருக்கிற எடத்தைக் காட்டுங்க அத்தே" என்றாள்.

கல்லறைத் தோட்டத்து மூலையில் கல்கூட வைக்கவில்லை நாங்கள். ஒரு சின்னச் சிலுவைக் குச்சி மட்டும், அதுவும் மழைக்குச் சாய்ந்திருந்தது. இதுதான் என்றேன். அவள் மண்டியிட்டாள், குச்சியை நிமிர்த்தினாள், ஈரமண்ணில் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். பக்கத்து அறையில் படுத்திருக்கிற பிள்ளையைச் சாப்பிட எழுப்புகிற குரலில், பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவள் ஒரு பெயர் வைத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. எட்டு மாதத்தில் நான் ஒரு நாளும் கேட்கவில்லை. என் பேரன் பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.